உப்புக் காற்றில் இறுகிய போல்ட்

கொழும்பில் மருதானையைக் கடந்து பஞ்சிகாவத்தை வழியாகத் தெமட்டகொடைக்கு வருகின்ற ஒருவர், பழைய மோட்டார் உறுப்புகளைக் கூரைவரை அடுக்கி வைத்திருக்கும் கடைகளையும், வாசற்படியிலேயே எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும் சிறிய கராஜ்களையும், அவற்றுக்கு அப்பால் புகையிரதப் பகுதியார் தம் எஞ்சின்களைப் பராமரிக்கும் பெரிய கொட்டகையையும் காண்பார். இரும்போடு பழகித் தேர்ந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் என்றும் குறைவிருந்ததில்லை. அந்தக் கைகளுக்கு வந்து சேரும் சிக்கல்களுள் பார்வைக்கு மிக அற்பமானதும், காலத்தையும் பொறுமையையும் மிகுதியாக விழுங்குவதும் ஒன்றுண்டு: விரலளவுகூடப் பருமனில்லாத ஓர் உருக்குப் போல்ட், தான் இருக்கும் இடத்தைவிட்டு அசையமாட்டேனென்று நிற்பதே அது.

இந்தச் சிக்கல் எல்லா வாகனங்களுக்கும் பொதுவாயினும், சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென்றே அமைந்த மோட்டார் சைக்கிள்களில், அதாவது நம்மவர் ட்ரெயில் பைக் என்று வழங்கும் இனத்தில், அது உச்சநிலையை அடைகிறது. ஜப்பானில் பாவித்துப் பின் இங்கு இறக்குமதியான யமஹா செரோ போன்ற வண்டிகள் இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றன. செரோ முதன்முதலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1985இல் என்பதை நினைத்தால், அவற்றுட் சிலவற்றின் போல்ட்கள் எத்தனை மழைக்காலங்களைக் கண்டிருக்கும் என்பது விளங்கும். தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் ஓட்டப் பாதையிலும், அநுராதபுரத்தை அடுத்த சாலியபுரவிலும் செம்மண்ணிற் குளித்து வரும் பந்தய வண்டிகளின் நிலையும் வேறன்று. போட்டி முடிந்ததும் வேகமான நீர்த்தாரையால் அவற்றைக் கழுவுகிறார்கள். மேலே தெரியும் சேறு போய்விடுகிறது. ஆனால் அதே நீர்த்தாரை கசிவுத் தடைகளையும் மீறி, நீரையும் நுண்மண்ணையும் உள்ளே செலுத்திவிடுகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்னும் கவை எந்த நீண்ட போல்ட்டைப் பற்றி மேலுங் கீழும் ஆடுகிறதோ, அந்தப் போல்ட் பல வண்டிகளில் எஞ்சினின் அலுமினிய உடலையும் ஊடுருவிச் செல்கிறது. வருஷக்கணக்கில் எவரும் தொடாத அந்த இடத்தில்தான் பெரும்பாலும் வில்லங்கம் உருவாகிறது.

போல்ட் ஏன் இறுகிவிடுகிறது என்று அறிய வேண்டுமாயின், இறுகாத போல்ட் எவ்வாறு வேலை செய்கிறதென்று முதலில் அறிதல் அவசியம். திருகுபுரி என்பது ஓர் உருளையின்மேற் சுற்றிவைத்த சரிவுப்பாதையே. எட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண போல்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்குப் புரி 1.25 மில்லிமீற்றர் மட்டுமே ஏறுகிறது. அதாவது அந்தச் சரிவின் கோணம் ஏறத்தாழ மூன்று பாகை. இவ்வளவு மெல்லிய சரிவாதலால், ஸ்பனரில் நாம் கொடுக்கும் சிறு முயற்சி பெரும் இழுவிசையாக மாறுகிறது. 25 நியூற்றன் மீற்றர் அளவு முறுக்கினால், அந்தச் சிறு போல்ட் தான் இணைக்கும் இரு பாகங்களையும் சுமார் ஒன்றரைத் தொன் நிறையின் விசையோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஆயினும் நாம் செலவிடும் முயற்சியிற் பத்திலொரு பங்கே இவ்வாறு இழுவிசையாகிறது என்பதும், பாதியளவு போல்ட்டின் தலைக்குக் கீழுள்ள உராய்விலும், மற்றைய நாற்பது சதவீதம் புரிகளுக்கிடையிலான உராய்விலும் கழிந்துவிடுகிறது என்பதும் பொறியியலாளர் அனுபவத்திற் கண்ட கணக்கு. அந்த உராய்வு வீணானதன்று. அது இல்லாவிடில் முடுக்கிய கையை எடுத்த மாத்திரத்தில் போல்ட் தானே சுழன்று கழன்றுவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சுத்தமான போல்ட்டைக் கழற்றுவதற்கு, அதை முடுக்கியபோது தேவைப்பட்டதைவிடச் சற்றுக் குறைந்த முயற்சியே போதும். ஏனெனில் கழற்றும்போது சரிவில் இறங்குகிறோம். ஆகவே, முடுக்கிய அளவுக்கு முயன்றும் ஒரு போல்ட் அசையவில்லையென்றால், முன்பு முடுக்கியவன் மேல் குற்றஞ் சொல்வதிற் பயனில்லை. முடுக்கிய நாளில் அங்கே இல்லாத ஏதோவொரு பதார்த்தம் இடையில் வந்து குடியேறியிருக்கிறது. அந்தப் பதார்த்தம் யாது என்று முதலில் கேட்பவனே நல்ல மெக்கானிக். கேட்காமல் ஸ்பனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டிக்கொள்பவன், அறிவு செய்யவேண்டிய வேலையைத் தோளிடம் ஒப்படைத்துவிடுகிறான்.

உருக்கு உருக்கோடு சேர்ந்த இடத்தில் வந்து குடியேறுவது துரு. இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடிப் பிறக்கும் இந்த வஸ்து, தான் தோன்றுவதற்காக அழிந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான இடத்தைக் கேட்கிறது; நீரைத் தன்னுட் கொண்ட துருவகைகள் அதனினும் மிகுதியாகக் கேட்கின்றன. மூடி அழுத்திய பானைக்குள் அரிசி சோறாகி விரிவதுபோல, புரிகளுக்கிடையேயுள்ள நூலிழை போன்ற வெளியில் துரு விரிகிறது; வெளியேற வழியில்லாமையால் இருபுறமும் நெருக்குகிறது; அந்த நெருக்கம் உராய்வைப் பன்மடங்காக்குகிறது. இவ்வாறு பார்த்தால், துருவேறிய போல்ட் பசையால் ஒட்டப்பட்டதன்று, ஆப்பு அடிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டின் பயனைப் பின்னர்க் காண்போம்.

ஆனால் உருக்குப் போல்ட் அலுமினியத்தில் இறங்கியிருக்கும் இடத்தின் கதை வேறு; என் மனத்துக்கு இதுவே இவ்விஷயத்தின் மிகச் சுவையான பகுதி. 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, இருவேறு உலோகத் தட்டுகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளோடு மாறிமாறி அடுக்கி மின்னோட்டம் பெற்றார். நம் மோட்டார் சைக்கிளின் அலுமினிய உடலும், அதனுள் இறங்கிய உருக்குப் போல்ட்டும், இரண்டுக்குமிடையிற் கசிந்த உப்பு ஈரமும் சேர்ந்தால் அதே சாதனம் உருவாகிவிடுகிறது. இரு உலோகங்களும் நேரே தொட்டுக்கொண்டிருப்பதால் மின்னோட்டம் ஓயாது ஓடிக்கொண்டேயிருக்கும். எலெக்ட்ரன்களை எளிதில் இழக்கும் சுபாவமுடைய அலுமினியம் அதற்கு விலை கொடுத்துக் கரையும். சாதாரண காலங்களில் அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள, கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய ஒக்சைட்டுப் படலம்; உப்பிலுள்ள குளோரைட்டு அந்தக் கவசத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகிறது. கரைந்த அலுமினியம் வெண்ணிறத் தூளாகிய ஐதரொக்சைட்டாக மாறி, மூலவுலோகத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. கழற்றிய போல்ட்டின் புரிகளிற் சுண்ணாம்புபோல் அப்பியிருப்பது இதுவே.

மின்னோட்டத்தைப் பற்றிய அறிவு பிறக்குமுன்னரே இவ்வியல்பை மனிதர் பெரும் பொருட்செலவோடு கண்டறிந்தனர். பிரித்தானியக் கடற்படையினர் 1761ஆம் ஆண்டில் ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தை, மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து காக்கும்பொருட்டுச் செப்புத் தகட்டாற் போர்த்தினர். சிறிது காலத்துக்குப் பின் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகளோ பெரிதும் அரித்துப்போயிருந்தன. செப்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையிற் சிக்கி, இரு உலோகங்களையும் தொடவிடாது தடுத்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பியிருந்தன. அங்கே செம்புக்காக இரும்பு அழிந்தது; நம் வண்டியில் இரும்புக்காக அலுமினியம் அழிகிறது; விதி ஒன்றுதான்.

இவ்விதி கொழும்பில் இத்துணை உக்கிரமாகச் செயற்படுவதற்கு நம் காற்றும் ஒரு காரணம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும்; கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியக் குளோரைட்டோ ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே நீராகக் கசியத் தொடங்கும். நம் நகரின் இரவுகளில் ஈரப்பதன் 75க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே ஒரு முறை உட்புகுந்த உப்பு உலர்ந்து ஓய்வெடுப்பதேயில்லை. புகையிரதப் பாதையும் கடலலையும் பக்கம்பக்கமாகச் செல்லும் வெள்ளவத்தையில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு வரும் கேடு, கடலுக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் உள்ளே தள்ளியிருக்கும் தெமட்டகொடை வண்டிக்கு அத்துணை விரைவில் வராது. காற்றிலுள்ள உப்பின் பெரும்பகுதி கரையையடுத்த சில நூறு மீற்றர்களுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரை மணலில் ஓடிவிட்டு, நல்ல நீரால் அலம்பாமல் நிறுத்தப்படும் வண்டிக்கு முகவரி எதுவாயிருந்தாலும் ஒன்றே.

வேறு இரண்டு காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவைக்கலாம். துருப்பிடிக்காத உருக்கினாலான நட்டும் போல்ட்டும் உராயும்போது அவற்றின் காப்புப் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தோடு குளிர்ந்த நிலையிலேயே பற்றிக்கொள்வதுண்டு. பிரேக் தட்டு முதலிய இடங்களில் தொழிற்சாலையாரே புரிகளில் ஒருவகைப் பசையை இட்டிருப்பர். காற்றுப்படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டிருக்கையில் கெட்டியாகும் அந்தப் பசையின் வலிய வகையை இளக்குவதற்குச் சுமார் 250 பாகை செல்சியஸ் உஷ்ணம் வேண்டும். எண்ணெய் ஊற்றுவதாற் பயனில்லை.

நோயின் காரணங்கள் இவையென்றால், பலத்தைக் கொண்டு மட்டும் ஏன் வெல்ல முடியாதென்பதையும் கணக்காகவே காட்டிவிடலாம். தலையில் 8.8 என்று பொறித்த எட்டு மில்லிமீற்றர் போல்ட்டை முடுக்கும் அளவு 25 நியூற்றன் மீற்றர் என்றோம். அதே போல்ட் முறுகி ஒடிந்துபோகும் அளவு ஏறக்குறைய 35 தான். முப்பது சதமமீற்றர் நீளமுள்ள ஸ்பனரின் நுனியிற் பத்துக் கிலோ நிறையளவு அழுத்தினால் 30 வந்துவிடுகிறது. குழாய் செருகி ஒரு மீற்றராக நீட்டினால் மூன்றே கிலோ போதும். முடுக்குவதற்கும் முறிவதற்கும் இடையிலுள்ள இந்த ஒடுங்கிய இடைவெளியை, நீண்ட கைப்பிடியைப் பிடித்திருப்பவன் கை உணரவே உணராது. போல்ட் மெல்ல ‘இணங்கி’ வருவதுபோல் தோன்றும் அந்த மிருதுவான உணர்ச்சி, பல வேளைகளில் உருக்கு முறுகிக்கொண்டிருப்பதன் அறிகுறியேயாகும்.

ஆகவே முதற் காரியம் காத்திருத்தல். மண்ணெண்ணெயோ டீசலோ, இதற்கென்றே விற்கப்படும் ஊடுருவும் எண்ணெயோ எதுவாயினும், அதை ஒடுங்கிய வெளிக்குள் இழுத்துச் செல்வது மயிர்த்துளைக் கவர்ச்சி. ஒடுங்கிய துளையில் திரவம் நுழையும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று 1921இல் வாஷ்பேர்ன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். எண்ணெய் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு போவதற்கு நான்கு மணி நேரமும், மூன்று மடங்குக்கு ஒன்பது மணி நேரமும் வேண்டும் என்பது இதன் பொருள். மாலையில் எண்ணெயிட்டுக் காலையில் ஸ்பனரை எடுக்கும் மூத்த மெக்கானிக், கொழும்பார் மரியாதையோடு பாஸ் என்றழைக்கும் அந்த மனிதர், வாஷ்பேர்னின் பெயரைக் கேள்விப்பட்டிராவிட்டாலும் அவருடைய விதியை அறிந்தே இருக்கிறார். உலகெங்கும் நீல மஞ்சள் டப்பாவில் விற்பனையாகும் டபிள்யூ.டி. 40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்ட கலவை; போல்ட் கழற்றும் வேலை பின்னர் வந்து சேர்ந்தது. அதைக்காட்டிலும் இந்த ஒரு தொழிலுக்கென்றே செய்த எண்ணெய்கள் நன்று என்பது என் அபிப்பிராயம்.

எண்ணெயிட்ட பின் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராகச் சில அடிகள் அடிப்பதில் ஆழ்ந்த காரணமுண்டு. துரு நெருக்குதலைத் தாங்கும். அதிர்ச்சியைத் தாங்காது நொறுங்கும் சுபாவமுடையது. முன்பு ஆப்பு என்று சொன்னதன் பயன் இங்கே வருகிறது: பசையைக் கரைக்கவேண்டும், ஆப்பையோ நொறுக்கினாற் போதும். ஒவ்வோர் அடியிலும் வெடிப்புகள் தோன்றுகின்றன; அந்த வெடிப்புகளே எண்ணெய்க்குப் புதிய மயிர்த்துளைகளாகின்றன. அதன் பிறகு போல்ட்டைக் கழற்றும் திசையில் உடனே வதைக்காமல், முடுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பார்த்து, அசைந்ததும் காற்சுற்று வெளியே, சிறிது உள்ளே, மீண்டும் வெளியே என்று கொண்டுவருதல் வேண்டும். ஒரே மூச்சில் வெளியே இழுத்தால், நொறுங்கிய தூள் புரிகளில் திரண்டு மறுபடியும் ஆப்பாகிவிடும். ஆறு முனைச் சொக்கெட்டே இதற்கு உரியது. பன்னிரண்டு முனைச் சொக்கெட்டும் வாய்திறந்த ஸ்பனரும் தலையின் மூலைகளை உருட்டிவிடும்.

ஜப்பானிய வண்டிகளின் சிலுவைத் தலைத் திருகாணிகளைப்பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லாமற் போக மனமில்லை. அவை பிலிப்ஸ் வகையைப் போலத் தோன்றினாலும், ஜப்பானியத் தரநியமத்தின்படி வெட்டப்பட்டவை. தலையில் ஒரு சிறு புள்ளி இருப்பதே அடையாளம். பிலிப்ஸ் திருகுளியை இட்டுத் திருகினால் அதன் நுனி முழுதும் அமராமல் மேலெழுந்து, சிலுவையைச் சிதைத்துவிடும். ‘ஜப்பான்காரனுடைய ஆணி மிருது’ என்று பலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். ஆணியின் மேல் அந்தப் பழி அநியாயமானது. சரியான நுனியைப் பொருத்தி, சுத்தியலடியைத் திருப்பமாக மாற்றும் இம்பேக்ட் ட்ரைவரைப் பிரயோகித்தால், அந்த அடி நுனியைக் கீழே அழுத்திக்கொண்டே திருப்புவதால் பெரும்பாலானவை சேதமின்றி வந்துவிடும்.

எண்ணெய்க்கும் அடிக்கும் இணங்காததற்கு உஷ்ணம். ஒவ்வொரு பாகை உஷ்ணத்துக்கும் அலுமினியம் தன் நீளத்தின் பத்து லட்சத்தில் 23 பங்கும், உருக்கு 12 பங்கும் விரிகின்றன. எட்டு மில்லிமீற்றர்த் துவாரமொன்றில் நூறு பாகை ஏற்றினால், போல்ட்டுக்கும் துவாரத்துக்குமிடையே ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீற்றர் வெளி கூடுகிறது. அற்பமென்று தோன்றும் இந்த வெளி, நெருக்கத்தைத் தளர்த்தப் போதுமானது. சூடாக்கவேண்டியது போல்ட்டையன்று, அதைச் சூழ்ந்த அலுமினியத்தையே. உருக்கு நட்டு உருக்குப் போல்ட்டில் இருக்குமிடத்தில் விரிவு விகிதம் ஒன்றாதலால், நட்டை மட்டும் விரைவாகச் சூடாக்கி, உஷ்ணம் உள்ளே பரவுமுன் திருப்பிவிடவேண்டும். சூடான போல்ட்டின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுச் சென்று உராய்வைக் குறைப்பதும் நெடுங்காலப் பழக்கம்.

எவ்வளவு சூடு என்பதை அறிய ஒரு துளி நீர் போதும். துளி சீறி உடனே ஆவியானால் உஷ்ணம் நூறைத் தாண்டிவிட்டது. அதுவே வேண்டிய நிலை. துளி உருண்டையாகித் தன் ஆவியின்மேலேயே மிதந்து ஓடினால், ஜெர்மானிய வைத்தியர் லைடன்ஃப்ரொஸ்ட் 1756இல் விவரித்த நிலை அது. உலோகம் ஏறத்தாழ 200 பாகையை எட்டிவிட்டது. வெப்பமுறையிற் பலமேற்றிய அலுமினியக் கலவைகள் அதற்குமேல் தம் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்குமாதலால், அங்கே நிறுத்திவிடவேண்டும். தீச்சுடரைவிடச் சூடான காற்றை ஊதும் கருவி பாதுகாப்பானது. பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைக்காமல் எந்தச் சூடும் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கழுவு திரவம் பட்ட இடத்தைச் சூடாக்கினால் பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயு எழக்கூடும். அது உயிருக்கே ஆபத்தானது. சில பந்தய வண்டிகளின் எஞ்சின் மூடிகள் மக்னீசியத்தாலானவை. அவற்றைத் துளைக்கையில் விழும் சீவல்கள் தீப்பற்றும். அந்த இடத்தில் சுடரைக் கொண்டுசெல்லவே கூடாது.

இத்தனையும் செய்தும் தலை ஒடிந்துவிட்டால், வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஒடிந்த தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து உருக்கி ஒட்டுவது சிறந்த உபாயம். புதிய பிடி கிடைப்பதோடு, தண்டு கடுஞ்சூட்டில் விரிய முயன்று நசுங்கிப் பின் ஆறிச் சுருங்குவதால் பிணைப்பும் உடைகிறது. இடப்பக்கம் சுழலும் துளையாணியால் நடுவே துளைக்கும்போது, சில வேளை துளைக்கும் விசையிலேயே தண்டு சுழன்று வெளிவந்துவிடும். துளையினுள் அடித்துத் திருப்பும் கூம்பு வடிவக் கருவியை மட்டும் நான் விரும்புவதில்லை: அது கடினமான, நொறுங்கும் உருக்கு; உள்ளே ஒடிந்தால் சாதாரணத் துளையாணி எதுவும் அதை வெட்டாது. பித்தளைத் தகட்டில் ஒடிந்த உருக்குத் திருகாணியைக் கடிகாரம் செப்பனிடுவோர் படிகாரக் கரைசலில் இட்டுக் கரைப்பர். அமிலத்தன்மையுடைய அந்தக் கரைசல் இரும்பைத் தின்று பித்தளையை விட்டுவிடுகிறது. அலுமினியத்தில் ஒடிந்த உருக்குக்கும் இம்முறையைச் சூடான கரைசலோடு கையாளுவோர் உண்டு. நாட்கணக்கிற் பொறுமை வேண்டும்.

போல்ட் வெளிவந்த பின் துவாரத்தின் புரிகளைத் தூரிகையாற் சுத்தஞ் செய்து, புதிய போல்ட்டில் இறுகாமைக்கென விற்கும் பசை நெய்யைத் தடவிப் பூட்டவேண்டும். ஸ்விங் ஆர்ம் போல்ட்டானால் அதன் முழுநீளத்திலும் நீர் தாங்கும் கிறீஸ் பூசவேண்டும். ஈரம் இரு உலோகங்களையும் இணைக்காதபடி அந்தப் படலம் நடுவே நிற்கும். வழுக்கும் புரிகளில் உராய்வு குறைவாதலால், அதே முறுக்கம் முன்னையிலும் மிகுந்த இழுவிசையைத் தரும். ஆகவே உலர்ந்த புரிகளுக்கெனக் கூறப்பட்ட அளவிலிருந்து நாலில் ஒரு பங்குவரை குறைத்து முடுக்குவது வழக்கம். பிரேக் தட்டைப் பிடிக்கும் போல்ட்களுக்கு மட்டும் இந்த நெய்யைத் தொடக்கூடாது. அவற்றுக்குரியது தொழிற்சாலையார் இட்ட அந்தப் பூட்டுப் பசையே.